லேன் பிரைஸின் முடிவும் பார்வையாளர்களின் பிளவும்

அமெரிக்காவின் ஏஎம்சி அலைவரிசையில் 2012 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான விளம்பர நிறுவனமொன்றைப் பற்றிய 'மேட் மென்' தொடரின் ஐந்தாம் பருவத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், நிறுவனத்தின் சக பங்குதாரரும் தொடரின் நாயகனுமான டானின் கையெழுத்தைப் போலியாக இட்டு 7,500 டாலர் எடுத்த லேன் பிரைஸ், குட்டு வெளிப்பட்டு, டானால் பதவி விலகப் பணிக்கப்பட்டதும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். டானை இரக்கமற்றவர் என்று சினந்தவர்களும், காவல்துறைக்குப் போகாமல் கௌரவமாக விலக வழிவிட்டதே பெருந்தன்மை என்று வாதிட்டவர்களும் உண்டு. வேறொருவன் பெயரில் வாழும் டான் நேர்மையை வலியுறுத்துவதில்தான் காட்சியின் கூர்மை இருக்கிறது என்பதே என் கருத்து. டானின் மகள் சாலியின் அருங்காட்சியகக் காட்சிகள் இடையில் புகுந்து வேகத்தைக் குறைக்கின்றன. லேனாக நடித்து எம்மி விருதுப் பரிந்துரை பெற்ற ஜாரெட் ஹாரிஸோ, கெஞ்சும்போதும் நிமிர்ந்தே நிற்க முயலும் ஒரு மனிதரை, அனுதாபம் கோராமலேயே கண்முன் நிறுத்திவிடுகிறார்.