நாக்-அவுட்டா, ரவுண்ட் ராபினா?

டோர்னமென்ட் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேர், ‘திருப்புதல்’. குதிரைவீரர்கள் சுற்றித் திரும்பி மோதிய போட்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர்.

எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை மோதும் ரவுண்ட் ராபினுக்கும் வட்டத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் விளையாட்டோடு அல்ல. மனு எழுதிய கப்பல் மாலுமிகள் வட்டமாகக் கையெழுத்திட்டார்கள். தலைவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. நாக்-அவுட் குத்துச்சண்டைச் சொல், தோற்றவர் வெளியே.

12 அணிகள் என்றால் நாக்-அவுட்டில் 11 ஆட்டம் போதும். ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும், அவ்வளவுதான். 12க்கு அடுத்த இரண்டின் அடுக்கு 16, ஆகவே 4 அணிகளுக்கு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அந்த 4 பையையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அரையிறுதியில் 3 அணி நிற்கும். முன்னணி அணிகளை அட்டவணையில் பிரித்து வைக்காவிட்டால் இறுதியில் மோத வேண்டியவர்கள் முதல் நாளே மோதிவிடுவார்கள்.

ரவுண்ட் ராபினில் அதே 12 அணிக்கு 66 ஆட்டம், 11 சுற்று. அட்டவணை போடுவது சுலபம்: எண்களை இரண்டு வரிசையாக எழுதி, எதிரெதிரே இருப்பவரை மோதவிட்டு, 1ஐ மட்டும் அசைக்காமல் மற்றவற்றைச் சுற்றுக்கு ஓரிடம் வட்டமாக நகர்த்துங்கள். அணிகள் ஒற்றைப்படை என்றால் ஒரு ‘ஓய்வு’ சேருங்கள்; அதற்கு எதிரே வரும் அணி அந்தச் சுற்றில் ஆடாது.

இதன் பலவீனம் கடைசி ஆட்டம். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி 1-0 என ஆஸ்திரியாவை முந்தியதும், அப்படியே முடிந்தால் இரண்டுமே முன்னேறும் நிலை. மீதி நேரம் பந்தைச் சும்மா உருட்டினார்கள். அதே பிரிவில் முந்தைய நாளே ஆடி முடித்த அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

மைதானம் ஒன்று, நாள் இரண்டு என்றால் நாக்-அவுட்தான்.