நஞ்சுக்கொடிக்கு மருந்து: இரண்டு வழிகள்

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மருந்து அவர் உடல் முழுவதும் பரவும். பல மருந்துகள் சிசுவையும் எட்டும். நஞ்சுக்கொடிக்கு மட்டும் மருந்து சேர்க்க நானோ துகள்களில் இரண்டு வழிகள் முயலப்பட்டுள்ளன.

மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது முகவரி ஒட்டிய உறை போன்றது. புற்றுக்கட்டிகளைத் தேடிச் செல்லும் பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) நஞ்சுக்கொடியிலும் ஒட்டுவதைக் கண்டு, அவற்றை லைப்போசோம்கள் எனும் கொழுப்பாலான நுண் உறைகள் மீது பொருத்தினர். உள்ளே வைத்த, வளர்ச்சியைத் தூண்டும் புரதம், எடை குறைந்த எலிக்குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. லைப்போசோம்கள் சிசுவுக்குள் செல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவின் 2024 ஆய்வில் முகவரிச் சீட்டே இல்லை. 98 கொழுப்புத் துகள்களைச் சோதித்து, தம் வேதியமைப்பாலேயே நஞ்சுக்கொடியை நாடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். ரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ, அதாவது அப்புரதத்தைத் தயாரிக்கச் செல்லுக்குச் சொல்லும் குறிப்பு, அதில் ஏற்றப்பட்டது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் பிரீ-எக்லாம்சியா நோய் கண்ட எலிகளுக்கு ஒரே ஊசி. பேறுகாலம் வரை ரத்த அழுத்தம் தணிந்திருந்தது.

பெப்டைடு ஒட்டும் வேலை இல்லை என்பதால் தயாரிப்பில் இரண்டாவது எளிது. பிரசவமே தீர்வாக உள்ள பிரீ-எக்லாம்சியாவில் அது கர்ப்ப நாட்களை நீட்டித் தரக்கூடும். என் நம்பிக்கை அதன் பக்கமே. ஆனால் இவை எலி ஆய்வுகள். மனித நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறு.