பழைய ரிம்மில் பெரிய டயரா, பெரிய ரிம்மில் குள்ள டயரா?

185/65 ஆர்15 டயரோடு வந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்ததும் மூன்று ஆசைகள் வரும். ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு 195/65 ஆர்15 போடலாம். 16 அங்குல ரிம்மில் 195/55 போடலாம். இல்லையென்றால் 17 அங்குலத்தில் 205/45. பார்வைக்கு மூன்றாவதுதான் அள்ளும். ஆனாலும் என் ஓட்டு 16-க்குத்தான்.

முதலில் கணக்கு. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சைடுவாலின், அதாவது ரிம்முக்கும் தரையைத் தொடும் பகுதிக்கும் இடையிலுள்ள டயரின் பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. அது சுமார் 120 மி.மீ. வருகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 381 மி.மீ. ரிம் (ஆர்15-இல் உள்ள 15 அங்குலம் இதுதான்). மொத்த விட்டம் 621.5. இதேபோல் கணக்குப் போட்டால் 195/65 ஆர்15-க்கு 634.5, 195/55 ஆர்16-க்கு 620.9, 205/45 ஆர்17-க்கு 616.3.

அதாவது ரிம்மைத் தொடாத முதல் வழிதான் விட்டத்தை அதிகம் மாற்றுகிறது, 2.1 சதவீதம். பழைய டயரில் மீட்டர் சரியாகக் காட்டியது என்றால், இப்போது அது 100 காட்டும்போது கார் 102-இல் போகும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைவாக எண்ணும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓடிய தூரமே குறைவாகப் பதிவாகிறது. பிக்கப் சற்று மந்தமாகும், அது நிஜம். பதிலுக்குக் கார் தரையிலிருந்து 6.5 மி.மீ. உயரும், பள்ளங்களை மெத்தென்று தாங்கும். விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 205/65 ஆர்15 போனால் 4.2 ஆகிவிடும். வீல் ஆர்ச்சில் உரசும் அபாயமும் உண்டு, நான் போடமாட்டேன்.

17 அங்குலத்தில் மீட்டர் பெரிதாகத் தவறாது. சிக்கல் சைடுவாலில். 120 மி.மீ. இருந்தது 92 ஆகச் சுருங்குகிறது. பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, இந்தக் காற்றடைத்த சுவர்தான். அது குள்ளமானால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், சைடுவால் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். மழமழவென்ற சாலையில் ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்பது அலாதியான சுகம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது, கனமும் மையத்தைவிட்டு வெளியே தள்ளிப்போகிறது. எஞ்சினும் பிரேக்கும் ஒவ்வொரு முறையும் அதற்காகக் கூடுதலாக உழைக்கும்.

அகல டயர் என்றால் தரையில் அதிக ரப்பர் படும் என்பது பாதி உண்மைகூட இல்லை. காற்றழுத்தமும் எடையும் மாறாவிட்டால் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதன் வடிவம்தான் அகலமாகவும் நீளம் குறைந்ததாகவும் மாறுகிறது. காய்ந்த திருப்பங்களில் இது உதவும். தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும்.

அப்புறம், சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 84 என்றால் 500. 205/45 ஆர்17 டயர் 84-இலும் வருகிறது. கார் கேட்பது 88 என்றால் கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகையைத்தான் தேட வேண்டும், அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். 16-இலும் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ரிம்மின் ஆஃப்செட்டையும் விடக்கூடாது. ரிம் காரில் பொருந்தும் முகம் அதன் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது; எண் குறைந்தால் வீல் வெளியே வரும். 6 அங்குல அகலம், 45 ஆஃப்செட் இருந்த இடத்தில் 7 அங்குலம், 38 போட்டால் வீலின் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே வந்துவிடும். பெண்டரில் உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

16-க்கு நான் சாய்வதற்கு ஸ்டெப்னியும் ஒரு காரணம். 195/65-இல் ஒன்று பஞ்சராகிப் பழைய ஸ்டெப்னியை மாட்டினால், ஒரே அச்சில் இரண்டு விட்டம், 13 மி.மீ. வித்தியாசம். 16-இல் அது அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். சைடுவாலும் 107 மி.மீ. மிச்சமிருக்கிறது. அலாய் வீலின் போல்ட் அந்த ஸ்டெப்னி ரிம்முக்கும் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் மாட்டும்போதே பார்த்துவிடுங்கள்.