விழுங்குவதா, மெல்வதா, கரைத்துக் குடிப்பதா? வைட்டமின் சி மாத்திரைகள் ஓர் ஒப்பீடு

வைட்டமின் சி வாங்கும்போது 250, 500, 1000 மில்லிகிராம் மூன்றும் வரிசையாக இருந்தால் கை தானாக 1000 பக்கம்தான் போகும். அதனால் மாத்திரையின் வகையைப் பார்க்கும் முன் இந்த எண்ணை ஒரு கை பார்த்துவிடலாம்.

அமெரிக்கக் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 90 மில்லிகிராம், பெண்ணுக்கு 75 போதும். புகைபிடிப்பவர் என்றால் இன்னும் 35 சேர்த்துக்கொள்ள வேண்டும். 180 வரை சாப்பிட்டால் குடல் அதில் 70 முதல் 90 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூட உள்ளே போவதில்லை. போனதிலும் உபரியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். குடலில் தங்கியதோ சும்மா இருக்காது. தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். பெரியவர்களுக்கு உச்சவரம்பு 2000 மில்லிகிராம் என்று வைத்திருப்பதற்கு இந்த வயிற்றுப்போக்குதான் முக்கியக் காரணம். ஆக, 1000க்கும் 250க்கும் போட்டி வைத்தால் என் ஓட்டு 250க்கு.

சரி, சளிக்கு? தினமும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்குச் சளி இருக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசல் சொல்கிறது. ஒரு வாரச் சளியில் அது அரை நாள். முதல் தும்மல் வந்தபிறகு மாத்திரையைத் தேடி ஓடியவர்களுக்கு நிச்சயமான பலன் தெரியவில்லை.

இனி வகைகள். விழுங்கும் சாதா மாத்திரை வெறும் அஸ்கார்பிக் அமிலம்தான். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு நெஞ்சு எரியும்; சாப்பிட்டபிறகு போட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

மெல்லும் மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். அதுதான் அதன் ஆபத்தும். மென்றபின் கடைவாய்ப் பல்லின் குழியில் ஒட்டிய துணுக்கை நாக்கால் நெருடிப் பாருங்கள், கொஞ்ச நேரத்துக்குப் புளித்துக்கொண்டே இருக்கும். அத்தனை நேரமும் அமிலம் பல் எனாமலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தினமும் மெல்பவர்கள் உடனே வாய் கொப்பளிப்பது நல்லது. பல் துலக்குவதை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்க்க வேண்டாம்.

கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரைதான் பார்க்க அழகு. தம்ளரில் போட்டதும் சுழன்று பொங்கி, கடைசித் துளி நுரை அடங்கும்வரை நானும் வேடிக்கை பார்த்தவன்தான். ஒருநாள் குழாயின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தபிறகு ஆசை விட்டது. நுரைக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட். சில தயாரிப்புகளில் ஒரே மாத்திரையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 2000க்குள். ரத்தக் கொதிப்புக்காகச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு, தம்ளரில் இதைப் பொங்கவிடுவது வேடிக்கைதான்.

அமிலம் தணித்த வகை வேண்டுமென்றால் இரண்டு உண்டு. சோடியம் அஸ்கார்பேட்டில் 1000 மில்லிகிராமுக்குச் சுமார் 111 மில்லிகிராம் சோடியம் வரும். உப்பைப் பார்த்துச் சாப்பிடுபவருக்குக் கால்சியம் அஸ்கார்பேட் தேவலை.

மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்துப் பாதி போடக் கூடாது; உடைத்தால் அதன் வேலையே போச்சு. சாதா மாத்திரையைத் தாராளமாக உடைக்கலாம். சத்தை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் பொதிந்து தரும் லைப்போசோமல் வகையில் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் 90 மில்லிகிராம் தேவைக்கு அந்த ஏற்பாடெல்லாம் அதிகம். 'இயற்கை' என்று அச்சடித்த டப்பாவில் இருப்பதும் அதே மூலக்கூறுதான்.

எந்த வகையானாலும் அதிக அளவு சிலருக்கு ஆகாது. உடல் வைட்டமின் சியின் ஒரு பகுதியை ஆக்ஸலேட்டாக மாற்றுகிறது, அதனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒதுங்குவதே மேல். உடலில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் நோயாளிகளும், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்சைம் குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம் சர்க்கரை நோயாளிகள்: ரத்தத்தில் இந்தச் சத்து மிக அதிகமாக இருந்தால், விரலில் குத்திப் பார்க்கும் சில கருவிகள் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிவிட்டால், உண்மையான சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.