இனமாற்றக் கழித்தலுக்கு எது உதவும்: ஈர்க்குச்சிக் கட்டா, பிளாஸ்டிக் கட்டையா, மணிச்சட்டமா?

இரண்டாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், ஒவ்வோர் ஆண்டும் சில குழந்தைகள் 35 என்று எழுதுகிறார்கள். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுவதே இதற்குக் காரணம். 2இலிருந்து 7 போகாது என்பதால், ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றிக்கொண்டு கழிக்க வேண்டும்; இதுவே இனமாற்றம். செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழகம் முழுவதும் பரவியது முதல், கையால் செய்து கற்பது நம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதன்று. ஆகவே பொருள் வேண்டுமா என்பது கேள்வியன்று, எந்தப் பொருள் என்பதே கேள்வி. மூன்றையும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பின் நான் ஈர்க்குச்சியைத் தேர்ந்தெடுத்தேன்.

மணிச்சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 305 என்ற எண்ணில் நடுக்கம்பி வெறுமையாக நிற்பதைக் காட்டிப் பூச்சியத்தின் வேலையை விளக்க அதற்கு நிகரில்லை. ஆனால் பத்துகள் கம்பியில் உள்ள மணியும் ஒன்றுகள் கம்பியில் உள்ள மணியும் ஒரே அளவுதான். அந்த ஒரு மணி பத்துக்குச் சமம் என்பதை முன்பே அறிந்த குழந்தைக்கே அது பயன்படும்.

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் சோல்டான் டீனெஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டைகளில் இந்தக் குறை இல்லை. ஒன்றுக்குச் சிறு கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குத் தட்டு என மதிப்புக்கேற்ப அளவும் வளர்கிறது. சிக்கல் இனமாற்றத்தில்தான் எழுகிறது. கோலை உடைக்க முடியாது என்பதால், குழந்தை அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பத்துச் சிறு கட்டைகளை எடுத்துவர வேண்டும். பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுவது போன்ற நல்ல பயிற்சிதான் இது. ஆயினும் கோலைக் கொடுக்க மறந்து பத்துக் கட்டைகளை மட்டும் எடுத்துவரும் குழந்தையிடம் ஐந்து கோல்களும் பன்னிரண்டு கட்டைகளும் இருக்கும்; அதிலிருந்து 27ஐ எடுத்தால் மிஞ்சுவது மீண்டும் அதே 35. குறிப்பேட்டில் உள்ள விடையை மட்டும் பார்த்தால், குழந்தை எந்தப் பிழையைச் செய்தது என்று ஆசிரியருக்கும் தெரியாது.

ஈர்க்குச்சிக் கட்டில் இந்தப் பிழைக்கு வழியே இல்லை. ரப்பர் பேண்டைக் கழற்றியதும் கட்டு என்ற ஒன்று இல்லாமல் போய், அதே பத்துக் குச்சிகள் மேசையில் பரவிக் கிடக்கின்றன. கட்டு நான்காகவும் உதிரி பன்னிரண்டாகவும் ஆனதைக் குழந்தை தன் விரலாலேயே செய்து முடிக்கிறது. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த, திருப்பிக் கொடுக்கப்படாத அந்த விசித்திரக் கடனும் இங்கே தேவைப்படுவதில்லை. பாடம் முடிந்ததும் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டி வைப்பதே மற்றொரு பயிற்சியாகிவிடுகிறது. இதை 'தொட்டுச் செய்து கற்கும் குழந்தைகள்' என்று முத்திரையிட்ட சிலருக்கு மட்டும் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. அப்படிக் குழந்தைகளை வகைபிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வெளியான உளவியல் மீளாய்வு ஒன்றும் முடிவு கூறியது.

பராமரிப்பில் இரண்டுக்கும் குறை உண்டு. சிறு கட்டைகள் தொலைந்தால் அதே அளவில் மாற்று கிடைப்பதில்லை. ஈர்க்குச்சிக்குப் புதுத் துடைப்பம் ஒன்று போதும், ஆனால் கூர்முனைகளை நறுக்கியே கொடுக்க வேண்டும், ரப்பர் பேண்டுகளோ வெயில் காலத்தில் இற்றுவிடும். இருவருக்கு நூறு குச்சி என்று கணக்கிட்டால், முப்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்புக்கு 1,600 குச்சிகள் தேவைப்படும் என்பதையும் மறைக்கக் கூடாது.

நூறுகள் வந்ததும் ஈர்க்குச்சி தோற்றுவிடுகிறது, ஏனெனில் பத்துக் கட்டுகளைச் சேர்த்த பெருங்கட்டு சிறு கைகளுக்கு அடங்காது. தசம எண்கள் கற்பிக்கும் உயர் வகுப்புகளில் எனக்கு அனுபவம் இல்லாததால் அங்கே எது மேல் என்று சொல்லமாட்டேன். மூன்றாம் வகுப்பில் நான் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டியைத் திறக்கிறேன். ஓராண்டு கட்டுப் பிரித்துப் பழகிய குழந்தைகளில், கோலைப் பெட்டியில் போட மறப்பவர்கள் ஓரிருவர்தான்.