ஜோர்டான் பாஸ்: வாங்கலாமா?

ஜோர்டானுக்குச் செல்பவர்கள் புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டியது, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ரா உட்படப் பல சுற்றுலாத் தலங்களுக்கு ஒரே நுழைவுச்சீட்டாக அமையும் ஜோர்டான் பாஸ் என்றே சொல்வேன். பெட்ராவுக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்து அதன் விலை 70, 75 அல்லது 80 தினார். பெட்ராவின் ஒருநாள் நுழைவுச்சீட்டே 50 தினார் என்னும்போது, மூன்று இரவாவது தங்குவோருக்கு 40 தினார் விசாக் கட்டணமும் இல்லை என்பது பெரிய சலுகை.

பணத்தைவிட முக்கியம், இந்த ஒரே பாஸ் வரலாற்றை அடுக்கடுக்காகத் திறந்து காட்டுவதுதான். அம்மான் கோட்டைக் குன்றில் ரோமானியக் கோயில் தூண்களுக்கு அருகிலேயே உமையாக்கள் என்னும் இஸ்லாமிய அரச மரபினரின் அரண்மனை நிற்கிறது, கி.பி. 106இல் ரோமின் வசமான நபாத்தியர் என்னும் பண்டைய அரேபிய மக்களின் பெட்ராவிலோ, சுமார் 1.2 கிலோமீட்டர் நீளும் சீக் என்னும் பாறை இடுக்கின் முடிவில் பாறையில் செதுக்கிய கஸ்னா என்னும் முகப்பு கண்ணில் படும் அந்தக் கணத்துக்காகவே, ஐந்து தினார் கூடுதலானாலும் இரண்டு நாள் பாஸை எடுக்கலாம். நெபோ மலை இந்தப் பாஸில் அடங்காது; அதற்குத் தனிக்கட்டணம் உண்டு.