காணும் பொங்கல் காலையில் 30 பேருக்குப் பலகாரம்: ரொட்டியா, உருளைக்கிழங்கா, அடையா?

தை 3-ம் நாள் விடியற்காலையில் எங்கள் வீட்டில் 30 பேராவது இருப்பார்கள். அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர். ஜல்லிக்கட்டு பார்க்க மதுரை, தேனி, திருப்பூர் என்று எங்கெங்கோ இருந்து சொந்தபந்தங்கள் முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துவிடுவார்கள். காலை 5:45-க்குள் கிளம்பினால்தான் நிற்க இடம் கிடைக்கும். உள்ளே போய்விட்டால் மதியம் வரை வெளியே வர மனசு வராது. அதனால் காலையில் சாப்பிடுவது வயிற்றில் நிற்க வேண்டும்.

பல வருஷம் இட்லிதான். ஆளுக்கு 5 என்றாலும் 150 இட்லி. கொப்பரையில் ஈடு ஈடாக ஊற்றி எடுக்க ஒன்றரை மணி நேரம், கூடவே சாம்பார், இரண்டு சட்னி. இட்லியில் எந்தக் குறையும் இல்லை. குறை எல்லாம் யார் ஊற்றுவது என்பதில்தான். கடைசி ஈட்டை இறக்கி, பாத்திரம் கழுவி, நானும் மதினியும் கிளம்பும்போது எத்தனையோ காளைகள் வாடிவாசல் தாண்டிப் போயிருக்கும். கல்யாணமாகி வந்து 9 பொங்கல் நான் முதல் காளையைப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் ஓவன் அடுப்பில் வேகவைக்கும் பலகாரங்களைத் தேட ஆரம்பித்தேன். ராத்திரியே வேலையை முடித்து வைத்து, காலையில் ட்ரேயை உள்ளே தள்ளிவிட்டுக் குளிக்கப் போகலாம். நாலு பொங்கலாக மூன்று வகைகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம். மூன்றுக்கும் நான் போட்ட கணக்கு ஒன்றுதான்: ருசி இருக்க வேண்டும், 30 பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கிடைக்க வேண்டும், செய்தவளும் மற்றவர்களோடு கிளம்ப வேண்டும்.

கொத்துக்கறி ரொட்டி

அமெரிக்காவில் இந்த வகைக்கு ஸ்ட்ராட்டா என்று பெயர். அடுக்குகள் என்று அர்த்தம். ரொட்டித் துண்டு, சீஸ், கறி ஆகியவற்றை அடுக்கி, முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஓவனில் வைப்பார்கள். கிறிஸ்துமஸ் மாதிரி வீடு நிறைய ஆட்கள் இருக்கும் காலைக்கென்றே அங்கே இதைச் செய்கிறார்கள். படித்தவுடன் எனக்கு நம் கறி தோசைதான் ஞாபகம் வந்தது. மதுரை சிம்மக்கல் கோனார் கடையில் தோசை மேல் முட்டை, அதன் மேல் கறி என்று வருவதுதானே, இங்கே தோசைக்குப் பதில் ரொட்டி. அப்பத்தாவுக்கு ஒரு துண்டு கொடுத்தபோது, "என்னத்தா இது, கறி தோசையைக் கனமா சுட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தயக்கமே இல்லை.

33 சென்டிமீட்டர் நீளம், 23 அகலம், 5 உயரம் உள்ள ஒரு ட்ரேக்கு 500 கிராம் ரொட்டி, 10 முட்டை, 700 மில்லி பால், 500 கிராம் கொத்துக்கறி. அதில் 12 துண்டு வரும். 30 பேருக்கு 3 ட்ரே. முட்டைக் கணக்கு பார்க்கவே வேண்டாம், சரியாக ஓர் அட்டை. பால் 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

ரொட்டி வாங்கும்போது ஸ்வீட் பிரெட் வேண்டாம், சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்க வேண்டும். நம் பக்கத்துப் பால் ரொட்டியின் இனிப்பு கறியோடு சேராது. இரண்டு நாள் பழைய ரொட்டியாக இருந்தால் நல்லது. புது ரொட்டி என்றால் துண்டு போட்டு, முறத்தில் பரப்பி, வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த ரொட்டி பாலையும் முட்டையையும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் குழையாது. கொத்துக்கறியைக் குக்கரில் வேகவைத்து, சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, கறிவேப்பிலை போட்டுத் தண்ணீர் இல்லாமல் சுண்ட வதக்க வேண்டும். குழம்போடு போட்டால் அடியில் களி மாதிரி ஆகிவிடும்.

ராத்திரியே ஊறவைப்பதில்தான் எனக்கு இடித்தது. மதுரையில் தை மாத ராத்திரி நமக்குத்தான் குளிர். பச்சை முட்டையும் பாலும் கலந்ததை வெளியே வைக்கிற அளவுக்கு அது குளிர் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பொங்கல் நேரத்தில் எந்த வீட்டு ஃபிரிட்ஜில் 3 ட்ரே வைக்க இடம் இருக்கும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். காய்ந்த ரொட்டியை ட்ரேயில் போட்டு வெளியிலேயே மூடி வைத்துவிடுகிறேன். முட்டையும் பாலும் கலந்த தூக்குவாளி ஒன்று, ஆறவைத்த கறி டப்பா ஒன்று, இவை இரண்டும் மட்டும் ஃபிரிட்ஜுக்குள். காலை 3:15-க்கு எழுந்து அடுக்கி ஊற்றினால் 10 நிமிஷ வேலை. ரொட்டி நன்றாகக் காய்ந்திருந்தால் முக்கால் மணி நேர ஊறலே போதும். ராத்திரி முழுக்க ஊறியதற்கும் இதற்கும் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

உருளைக்கிழங்கு முட்டை

வேகவைத்து வில்லையாக நறுக்கிய கிழங்கு, வதக்கிய வெங்காயம், மேலே அடித்த முட்டை. இத்தாலிக்காரர்களின் ஃப்ரிட்டாட்டா மாதிரி. சூட்டோடு சாப்பிட்டால் மூன்றில் இதுதான் ருசி என்பேன். வேலையும் குறைவு. ஒரு ட்ரேக்கு ஒன்றரைக் கிலோ கிழங்கு, 15 முட்டை, 180 டிகிரியில் 35 நிமிஷம்.

ஆனால் 30 பேருக்கு இது ஒத்துவரவில்லை. முட்டை கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டால் அதிலுள்ள புரதம் இறுகி, தன்னிடம் உள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். ரொட்டி இருந்தால் அந்தத் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். இங்கே பிடிக்க ஆள் இல்லை. ட்ரேயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், முட்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும். 5 மணிக்கு எடுத்த ட்ரேயில் கடைசி ஆள் 5:40-க்கு வந்து சாப்பிடும்போது அது வேறு பலகாரம். ஞாயிற்றுக்கிழமை 8 பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்லது இல்லை. திருவிழா வீட்டுக்கு வேண்டாம்.

அடை

கறி, முட்டை சாப்பிடாதவர்கள் எங்கள் வீட்டில் எப்போதும் 8 பேராவது இருப்பார்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போக மாலை போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இட்லிதான் என்று ஒதுக்கிவிட்டால் மறுபடியும் கொப்பரையை ஏற்றியாக வேண்டும்.

குஜராத்தில் ஹாண்ட்வோ என்று ஒன்று செய்கிறார்கள். அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்து, சுரைக்காய் துருவிப் போட்டு, மேலே எள்ளும் கடுகும் தாளித்து ஊற்றி வேகவைப்பார்கள். பார்த்தால் நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். அதை நம் வீட்டு மாவில் செய்துவிட்டேன். இட்லி அரிசி 400 கிராம், கடலைப்பருப்பு 150, துவரம்பருப்பு 150, உளுந்து 50, வரமிளகாய் 10. 4 மணி நேரம் ஊறவைத்து, சோம்பும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து, ஒரு டம்ளர் புளித்த தயிர் விட்டுக் கலந்து வைக்க வேண்டும். தை மாதத்தில் மாவு சீக்கிரம் பொங்காது. அடுப்பு மேடையில் துணி சுற்றி வையுங்கள். காலையில் முருங்கைக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், அரை ஸ்பூன் ஆப்பசோடா, உப்பு சேர்த்து, எண்ணெய் தடவிய ட்ரேயில் ஊற்றி, நல்லெண்ணெயில் கடுகும் எள்ளும் தாளித்து மேலே பரப்ப வேண்டும். 180 டிகிரியில் 50 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். சுற்றிலும் மொறுமொறுவென்று தோல் கட்டும், நடுவில் மெத்தென்று இருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. தோசைக்கல்லில் ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டுச் சுட்ட அடையின் முறுகல் இதில் வராது. ஓரத் துண்டுக்குச் சண்டையே நடக்கும். ஆனால் ஆறினாலும் கெடாத ஒரே பலகாரம் இதுதான். பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் வீட்டில் இருக்கும், தொட்டுக்கொள்ள வேறு எதுவும் தேடவும் வேண்டாம்.

எதில் வேகவைப்பது

பலகாரத்தை முடிவு பண்ணுவதைவிட இதுதான் பெரிய கேள்வி. வீட்டு ஓடிஜியில் (மின்சாரத்தில் ஓடும் சின்ன ஓவன்) இந்த அளவு ட்ரே ஒன்றுதான் உட்காரும். 3 ட்ரே ரொட்டி என்றால் 3 மணி நேரம். முதல் ட்ரே ஆறிப்போயிருக்கும்போது மூன்றாவது வெந்துகொண்டிருக்கும். மேலும் கீழுமாக இரண்டு ட்ரே வைக்கிற பெரிய ஓடிஜியிலும் கீழ்த்தட்டு ஒரு மாதிரி, மேல்தட்டு ஒரு மாதிரி வேகும். பாதியில் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2000 வாட் இழுக்கும் சாமான் வேறு. அதைக் கிராமத்து வீட்டின் பழைய ஒயரிங்கில் 15 ஆம்பியர் பிளக் இல்லாமல் போடவே கூடாது.

எங்களுக்குக் கைகொடுத்தது ஊர் பேக்கரியின் விறகு அடுப்பு. ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்காக அன்றைக்குப் பன்னும் ரொட்டியும் கூடுதலாகப் போட்டு, 3 மணிக்குள் எடுத்துவிடுவார்கள். தீயை இழுத்த பிறகும் செங்கல் சூட்டை விடாது, மெதுவாகத்தான் இறங்கும். அந்த இறங்கு சூடுதான் முட்டைப் பலகாரத்துக்கு வேண்டியது. 3 ட்ரேயும் ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

முதல் வருஷம் இது தெரியாமல் ரொட்டி எடுத்த கையோடு எங்கள் ட்ரேயைத் தள்ளிவிட்டோம். 15 நிமிஷத்தில் மேலே கருகிவிட்டது, நடுவில் பச்சை முட்டை. 30 பேர் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறு வருஷம் அடுப்புக்காரர் உள்ளே கொஞ்சம் மைதாவைத் தூவிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். உடனே கருத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமாக மாறினால் உள்ளே வைக்கலாம். அதோடு முதல் 30 நிமிஷம் ஃபாயில் போட்டு மூடி, கடைசி 20 நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். நடுவில் கத்தியை விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரி காட்டினால் போதும். ட்ரே அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும். குளிர்ந்த கலவை ஊற்றிய கண்ணாடிப் பாத்திரம் அந்தச் சூட்டில் விரிசல் விட்டுவிடும்.

மாலை போட்டவர்களின் அடையைக் கறி வெந்த அடுப்பில் வைக்க முடியாது. அவர்களாக எதுவும் சொல்ல மாட்டார்கள், நாமே பார்த்து நடந்துகொள்ள வேண்டும். அதனால் வீட்டு ஓடிஜி அடைக்கு மட்டும். அதில் கறி, முட்டை எதுவும் ஏறாது.

சரி, என் முடிவு இதுதான். ரொட்டி 3 ட்ரே பேக்கரிக்கு, அடை ஒரு ட்ரே வீட்டில், உருளைக்கிழங்கு கிடையாது. ரொட்டிக்கு மட்டும் ஓட்டுப் போடச் சொன்னால் எங்கள் வீட்டு இளவட்டங்கள் எல்லோரும் போடுவார்கள். ஆனால் ருசிக்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம் பிந்தினாலும், சூடு கொஞ்சம் கூடிக்குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் பலகாரம் அது. கூட்டத்துக்குச் சமைப்பவருக்கு அந்தப் பொறுமைதான் வேண்டும்.

போன பொங்கலுக்கு நடந்தது: 4:00 மணிக்கு ட்ரேக்கள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பேக்கரிக்குப் போயின. 4:10-க்கு ஓடிஜியில் அடை. 5:10-க்கு எல்லாம் வீட்டுக்கு வந்தன. 10 நிமிஷம் ஆறவிட்டுத் துண்டு போட்டால்தான் உதிராமல் வரும், அந்த நேரத்தில் நானும் மதினியும் சேலை மாற்றிக்கொண்டோம். 5:40-க்கு வீட்டைப் பூட்டினோம். முதல் காளை வெளியே வந்தபோது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மிஞ்சுவதைப் பற்றி ஒன்று. கறி ரொட்டியில் மீதி இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மதியத்துக்கு ஆகும் என்று பையில் போட்டு வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மதியத்துக்குக் கட்டிக் கொடுக்க அடைதான் சரி. ஒரு தூக்கில் அடைத் துண்டுகளும் வெல்லமும் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.